பத்தமடைப் பாய்க்கடை நடத்துவது எப்படி: வருகிறவருக்கும் நெய்கிறவருக்கும் பொதுவான ஒரு திண்ணை

திருநெல்வேலியிலிருந்து பாபநாசம் செல்லும் சாலையில் ஏறத்தாழ 20 கிலோமீட்டர் போனால், சேரன்மகாதேவிக்குச் சற்று முன்னால் பத்தமடை வந்துவிடும். தாமிரபரணிக் கரையில் விளைந்த கோரையை நூலுக்கு நிகராக மெல்லியதாகக் கிழித்து நெய்யும் பாய், இந்த ஊரின் பெயரைச் சுமந்தே வெளியூருக்கும் வெளிநாட்டுக்கும் போயிருக்கிறது. 1953இல் எலிசபெத் அரசியின் முடிசூட்டு விழாவுக்கு இங்கே நெய்த பாய் ஒன்று பரிசாகச் சென்றதை ஊரில் இன்றும் பெருமையோடு சொல்வார்கள். ஆனால் ஆனி, ஆடி மாதங்களில் குற்றாலச் சாரலுக்கும் பாபநாசத்து அருவிக்கும் போகிற வண்டிகளில் பெரும்பாலானவை இந்த ஊரில் நிற்பதில்லை. நிற்கிற வண்டியிலிருந்து இறங்குகிறவர்களிலும் பலர் விலையைக் கேட்டவுடன் திரும்பிவிடுகிறார்கள். பாய் நெசவோடு பல ஆண்டுகளாகப் பழகியவன் என்ற முறையில், இத்தகைய ஊரில் சிறிய கைவினைக் கடை ஒன்றைத் தொடங்கி, வழிப்போக்கரை விருந்தினராக வரவேற்று, வரும்படி நெசவாளர் வீடு வரை போய்ச் சேரும்படி நடத்துவது எப்படி என்பதை இங்கே எழுதுகிறேன்.

முதலில் செய்ய வேண்டியது கடையின் அமைப்பை மாற்றுவது. வழக்கமாக முன்னால் அடுக்குப் பலகையும் கல்லாப்பெட்டியும் இருக்கும். தறி எங்கோ ஒரு சந்துக்குள் இருக்கும். இதைத் தலைகீழாக்குங்கள். வாசலை ஒட்டிய வெளிச்சமான இடத்தில், திண்ணையாக இருந்தால் மிகவும் நல்லது, தறி இருக்கட்டும். விற்பனைக்கான பாய்கள் உள்ளே போகட்டும். பாய்த் தறிக்குப் பெரிய இடமோ மின்சாரமோ தேவையில்லை. தரையில் முளை அடித்து, இரண்டு மூங்கில்களுக்கு இடையே பாவு நூலை (நீளவாக்கில் ஓடும் நூலை) இழுத்துக் கட்டி, மூன்று கம்புகளைக் கூட்டி நிறுத்தி அதிலிருந்து, கோரையை அடித்து நெருக்கும் அச்சைத் தொங்கவிட்டால் தறி தயார். நெசவாளி பாவின் மேல் போட்ட பலகையில் அமர்ந்து, நீண்ட குச்சியின் நுனியில் ஈரக் கோரையைச் செருகி ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கத்துக்குத் தள்ளுவார்; அச்சை இழுத்து அடிப்பார்; ஓரத்தில் மிஞ்சிய கோரையை விரலால் மடித்து அடக்குவார். அந்த ஒரு இழைக்கு அவர் எத்தனை முறை கை மாற்றுகிறார் என்பதை ஒருவர் தம் கண்ணால் எண்ணிப் பார்த்துவிட்டால், அதற்குப் பிறகு பாயின் விலையைக் கேட்கும் குரலே வேறாகிவிடுகிறது. இதை நான் திரும்பத் திரும்பப் பார்த்திருக்கிறேன்.

தறிக்குப் பக்கத்தில் ஒரு தாழ்வான பலகையில், கோரை பாயாக மாறும் நிலைகளை வரிசையாக வையுங்கள்: பச்சையாக அறுத்த தண்டு, கிழித்து உள்ளிருக்கும் சோற்றை நீக்கிய கோரை, வெயிலில் காய்ந்த கோரை, ஓடும் தண்ணீரில் சில நாள் ஊறிப் பருத்த கோரை, மறுபடியும் காய்ந்து மெலிந்த கோரை, சாயம் ஏறிய கோரை, பாவுக்கான பருத்தி நூல். வருகிறவர்கள் இவற்றைத் தொட்டுப் பார்க்கட்டும். கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்துப் பூட்ட வேண்டாம். கோரையின் வாசனையும் வழவழப்பும் கைக்கு எட்டினால்தான் மனத்துக்கும் எட்டும். குழந்தைகளோடு வரும் குடும்பங்களுக்காக, அரை முழ அகலத்தில் தனியாக ஒரு சிறு தறி கட்டி வைத்து, பத்து இழை தாங்களே கோத்துப் பார்க்க விடலாம். யாரோ கேட்டுக்கொண்டதற்காக நெய்துகொண்டிருக்கும் பாயில் மட்டும் பார்வையாளரைக் கை வைக்க விடக் கூடாது. ஓர் இழை தளர்ந்தால் அந்த இடம் கடைசி வரை பள்ளமாகத் தெரியும். அதைப் பிரித்துச் சரிசெய்ய அரை நாள் போய்விடும்.

தறியில் உட்காருகிறவர் காட்சிப்பொருள் அல்லர் என்பதை நீங்களும் மறக்கக் கூடாது, வருகிறவருக்கும் நினைவூட்ட வேண்டும். இந்த ஊரில் பாய் நெசவு பெரும்பாலும் முஸ்லிம் குடும்பங்களின் தொழில். நெய்கிறவர்களில் மிகுதியானோர் பெண்கள். பலர் தம் வீட்டுக்குள்ளேயே நெய்கிறார்கள். ஆகவே, வீட்டுக்கு அழைத்துச் செல்வதாக இருந்தால் முந்தைய நாளே கேட்டு, எத்தனை பேர், எந்த நேரம் என்று உறுதி செய்துகொண்ட பிறகே செல்லுங்கள். படம் எடுக்கலாமா என்ற கேள்வியை, விருந்தினர் கைப்பேசியைத் தூக்கும் முன் கடைக்காரரே நெசவாளியிடம் கேட்டுவிடுவது நல்லது. "முகம் வேண்டாம், கையை மட்டும் எடுத்துக்கிடட்டும்" என்று அவர் சொன்னால் அதுவே முடிவு. வெள்ளிக்கிழமை நண்பகலில் தறி ஓடாது என்று வாசலிலேயே எழுதி வையுங்கள். நோன்பு மாதத்தில் நெய்து காட்டும் நேரத்தைக் காலைக்கு மாற்றிக்கொள்ளுங்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, விருந்தினருக்கு நெய்து காட்டிய நேரத்துக்கும் கூலி உண்டு. பேச்சுக்குப் பதில் சொல்லிக்கொண்டே நெய்தால் அன்றைய நெசவு பாதியாகக் குறையும். அந்த இழப்பைக் கடை ஏற்க வேண்டுமே தவிர நெசவாளி ஏற்கக் கூடாது.

வரவேற்பு என்பதற்குப் பெரிய செலவு வேண்டாம். வெயிலில் வருகிறவருக்குப் பானைத் தண்ணீர், சாரலில் நனைந்து வருகிறவருக்குச் சுக்குக் காப்பி, உட்காரப் பாய் விரித்த திண்ணை, பெண்களும் குழந்தைகளும் பயன்படுத்தக்கூடிய தூய்மையான கழிப்பறை ஆகியவை போதும். கடைசியில் சொன்னதைத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள். பயணத்தில் இருக்கும் குடும்பம் ஒரு கடையில் நிற்பதற்கு அதுவே பல வேளை முதல் காரணமாக இருக்கிறது. செருப்பைக் கழற்றிவிட்டு ஏறுங்கள் என்பதைப் புன்னகையோடு சொல்ல ஒருவர் வாசலில் இருந்தால் நல்லது. குற்றாலம் பக்கம் வருகிறவர்களில் கேரளத்தவர் மிகுதி என்பதால் பலகையைத் தமிழிலும் மலையாளத்திலும் ஆங்கிலத்திலும் எழுதுங்கள்.

இனி விலை. இதில்தான் கடைக்காரர்கள் தடுமாறுகிறார்கள், ஆகவே சற்று விரித்துச் சொல்கிறேன். பேரம் பேசி விற்கும் கடையில், கடைசியில் குறைவது நெசவாளியின் கூலியாகவே இருக்கும்; ஏனென்றால் நூல்காரரும் சாயக்காரரும் தங்கள் விலையைக் குறைத்துக்கொள்வதில்லை. அதனால் விலையை ஒன்றாக வைத்து, அதன் கணக்கை ஒரு சீட்டில் எழுதிப் பாயோடு கட்டிவிடுங்கள். ஓர் எடுத்துக்காட்டு: ஒரு பாய்க்குப் பன்னிரண்டு நாள் நெசவு, நாளுக்கு 500 ரூபாய் என்று வைத்தால் 6,000, கோரை, நூல், சாயத்துக்கு 700, கோரையைக் கிழித்து அலசி உலர்த்தியவருக்கு 800, ஆக 7,500. கடையின் பங்கு அதில் கால் பகுதி என்றால் 1,875. விற்பனை விலை 9,375 ரூபாய். உங்கள் ஊர்க் கூலிக்கேற்ப எண்கள் மாறும். ஆனால் கடையின் பங்கு உட்பட எல்லாவற்றையும் வெளிப்படையாக எழுத வேண்டும் என்பது மாறக் கூடாது. அந்தச் சீட்டைப் படித்த பிறகும் வாங்காமல் போகிறவர் இருப்பார்; அவர் தம் சக்திக்கு மீறியது என்று போகிறார், ஏமாற்றுகிறார்கள் என்று நினைத்துப் போவதில்லை. இரண்டுக்கும் நிறைய வேறுபாடு உண்டு.

பொருளைப் பற்றி உண்மையைச் சொல்வதும் விலையோடு சேர்ந்ததே. பட்டுப்பாய் என்ற பெயரைக் கேட்டுப் பட்டு நூலில் நெய்ததா என்று பலரும் கேட்பார்கள். பட்டுப் போன்ற மென்மையால் வந்த பெயர் என்றும், பாவு பொதுவாகப் பருத்தி நூல்தான் என்றும் தயங்காமல் சொல்லுங்கள். நுண்ணிய பாய்கள் 100 முதல் 140 வரையிலான எண்ணில் (நெசவின் நுண்மையைக் குறிக்கும் 'கவுண்ட்'; எண் கூடக் கூடப் பாய் நுண்மையாகும்) நெய்யப்படுகின்றன. அன்றாடம் படுக்கும் முரட்டுப் பாய்கள் 50க்கும் கீழே. இரண்டையும் அருகருகே விரித்து, விரல் நுனியால் தடவிப் பார்க்கச் செய்தால் விளக்கமே தேவைப்படாது. விசைத்தறிப் பாயையும் நீங்கள் விற்பதாக இருந்தால், விற்கலாம், அதில் தவறில்லை. அதைத் தனி அடுக்கில் வைத்து 'விசைத்தறி' என்று தெளிவாக எழுதிவிடுங்கள். கைத்தறி விலைக்கு விசைத்தறிப் பாயை விற்ற கடை ஒன்றை நான் அறிவேன்; அதனால் கெட்ட பெயர் அந்தக் கடையோடு நிற்கவில்லை, தெரு முழுவதுக்கும் வந்தது. பத்தமடைப் பாய்க்குப் புவிசார் குறியீடு இருக்கிறது. அந்தக் குறியீட்டைச் சட்டப்படி பயன்படுத்துவதற்கு, நெசவாளர்கள் அங்கீகரிக்கப்பட்ட பயனராகத் தனியே பதிவு செய்துகொள்ள வேண்டும். பதிவகம் சென்னையில் இருக்கிறது. படிவம் நிரப்புவதற்கு நேரமும் பழக்கமும் இல்லாத நெசவாளர்களுக்கு அந்த வேலையைக் கடையே முன்னின்று செய்து கொடுப்பது மிகப் பெரிய உதவி. மத்திய ஜவுளி அமைச்சகத்தின் கைவினைஞர் அடையாள அட்டைக்கும் இது பொருந்தும். அந்த அட்டை இருந்தால் கண்காட்சிகளில் இடம் கேட்பதும் திட்டங்களுக்கு விண்ணப்பிப்பதும் எளிதாகும்.

பயணிகள் எல்லாரும் பெரிய பாய் வாங்கப்போவதில்லை. மேசை விரிப்பு, கைப்பை, பணப்பை, பூசைக்கு உட்காரும் சிறு தடுக்கு போன்றவை முன்னூறு, நானூறு ரூபாயில் இருந்தால் நின்ற வண்டியில் பாதிப் பேராவது எதையாவது எடுத்துக்கொண்டு போவார்கள். கடை வாடகையை இவைதாம் கொடுக்கும். ஆனால் இங்கே ஓர் ஆபத்து இருக்கிறது. சிறு பொருள்கள் வேகமாக விற்கின்றன என்பதற்காக எல்லாத் தறிகளையும் அவற்றுக்கே திருப்பிவிட்டால், மூன்று நான்கு ஆண்டுகளில் 120 எண் பாய் நெய்யத் தெரிந்த கைகளுக்கு வேலை இல்லாமல் போய்விடும். அந்தக் கை ஓய்ந்தால், பக்கத்தில் உட்கார்ந்து கற்றுக்கொள்ள வேண்டிய மகளுக்கும் அது போய்ச் சேராது. ஆகவே, வாங்க ஆள் இருந்தாலும் இல்லாவிட்டாலும், ஆண்டு முழுவதும் ஒரு தறியிலாவது நுண்ணிய பாய் ஏறியிருக்க வேண்டும் என்பதைக் கடையின் விதியாக வையுங்கள். அதற்கான கூலியைச் சிறு பொருள்களின் ஆதாயத்திலிருந்து எடுத்து வையுங்கள்.

நெசவாளருக்குப் பணம் கொடுக்கும் முறையும் முக்கியமானது. விற்ற பிறகு தருகிறேன் என்று பாயை வாங்கி வைப்பதை நான் ஏற்பதில்லை; விற்பனைக்காகக் காத்திருக்கும் வசதி கடைக்கு இருக்கலாம், பன்னிரண்டு நாள் குனிந்து நெய்தவருக்கு இல்லை. முடிந்தவரை பாயை வாங்கும் நாளிலேயே பணத்தைக் கொடுத்துவிடுங்கள். நீண்ட வேலையாக இருந்தால் வாரம் ஒரு முறை கொடுங்கள். கணக்கு நோட்டின் ஒரு படி நெசவாளியிடமும் இருக்கட்டும். கோரை நன்றாகக் கிடைக்கும் பருவத்தில் மொத்தமாக வாங்கி வைத்தால் விலை குறையும். ஆனால் அந்த நேரத்தில் அவர்கள் கையில் பணம் இருக்காது. கடை முன்பணம் போட்டு வாங்கி, வட்டியில்லாமல் பகிர்ந்து கொடுத்து, பாயில் சிறிது சிறிதாகக் கழித்துக்கொள்ளலாம். முன்பணம் கொடுத்த காரணத்தால் அவர் வேறு கடைக்கு நெய்யக் கூடாது என்று மட்டும் கட்டாயப்படுத்தாதீர்கள்.

வண்டி ஓட்டுநர்களும் வழிகாட்டிகளும் தரகு கேட்பார்கள். ஒருமுறை ஒருவர் விற்பனையில் மூன்றில் ஒரு பங்கு கேட்டார். மறுத்ததால் அந்தப் பருவம் முழுவதும் அவருடைய வண்டி எங்கள் வாசலைத் தாண்டியே போனது. வருத்தமாகத்தான் இருந்தது. ஆனால் அந்தப் பணம் எங்கிருந்து வரும் என்று யோசித்தால், மேலே சொன்ன சீட்டில் அதற்கு இடமே இல்லை. ஓட்டுநருக்குச் சாப்பாடு, காப்பி, நிழலில் வண்டி நிறுத்த இடம் ஆகியவற்றைத் தாராளமாகக் கொடுங்கள். விற்பனையில் பங்கு வேண்டாம்.

பாதுகாப்பைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். ஐப்பசி, கார்த்திகை மழையில் கோரை ஈரத்தை இழுத்துக்கொள்ளும். சுவரை ஒட்டி அடுக்கினால் பூசணம் பிடிக்கும். தரையிலிருந்து ஒரு முழம் உயரத்தில் மரச்சட்டம் அடித்து, சுருட்டிய நிலையில், காற்றுப் புகும்படி வையுங்கள். வெயில் அடிக்கிற நாளில் நிழலில் விரித்து ஆற்றுங்கள். நேர் வெயிலில் தொங்கவிட்டால் சாயம் வெளுத்துவிடும் என்பதால், வாசலில் தொங்கும் பாயை வாரந்தோறும் மாற்றுங்கள். வாங்குகிறவருக்கும் இதையே சொல்லி அனுப்புங்கள். நுண்ணிய பாயைத் துணிபோல மடித்துப் பெட்டிக்குள் வைக்கலாம் என்பது விமானத்தில் வந்தவர்களுக்குத் தெரியாது. அவர்கள் முன்னாலேயே மடித்துக் காட்டுங்கள்.

உங்கள் கடைக்கு வந்தவரை ஊருக்குள்ளும் அனுப்புங்கள். அடுத்துள்ள காருகுறிச்சியில் மண்பாண்டம் வனைவதைப் பார்க்கலாம். நாகசுரக் கலைஞர் அருணாசலத்தின் ஊரும் அதுவே. கல்லிடைக்குறிச்சியில் அப்பளம் வாங்கலாம். சுவாமி சிவானந்தர் 1887இல் பிறந்த ஊர் பத்தமடை என்பதை அறிந்து வருகிறவர்களுக்கு வழி சொல்ல ஒருவர் வேண்டும். மதியச் சாப்பாட்டுக்குத் தெருவிலுள்ள மெஸ்ஸைக் காட்டுங்கள். ஒரு மணி நேரம் கூடுதலாக ஊரில் தங்கியவர் திரும்பும்போது மறுபடியும் உங்கள் வாசலுக்கு வருவார்.

கடைசியாக, கல்யாணப் பாய். மணமக்களின் பெயரும் நாளும் நெய்த பாயைக் கேட்டுத் தொலைவிலிருந்தும் வருவார்கள். முகூர்த்தத்துக்குக் குறைந்தது இரண்டு மாதம் முன்னதாகவே கேட்க வேண்டும் என்று சொல்லிவிடுங்கள். பெயர்களை அவர்களையே ஒரு தாளில் எழுதித் தரச் சொல்லுங்கள். அதைக் கட்டத்தாளில் எழுத்தெழுத்தாக வரைந்து அவர்களிடம் காட்டி, ஒப்புதல் பெற்ற பிறகே தறிக்கு அனுப்புங்கள். தொலைபேசியில் கேட்டு எழுதிக்கொண்ட ஒரு பெயரில் ளகரம் வர வேண்டிய இடத்தில் நான் லகரத்தை எழுதிக் கொடுத்துவிட்டேன். பாய் முடிந்த பிறகே தெரிந்தது. பிழை என்னுடையது, ஆகவே நெய்த அக்காவுக்கு முழுக் கூலியையும் கொடுத்து, இரண்டாவது பாய்க்கும் தனியாகக் கொடுத்தேன். திருமணத்துக்கு இரண்டு நாள் முன்பு அது போய்ச் சேர்ந்தது. முதல் பாயை விற்கவில்லை. பெயர் எழுதிக் கொடுக்க வருகிறவர்களுக்கு முதலில் அதைத்தான் விரித்துக் காட்டுகிறேன், பிறகு தாளையும் பேனாவையும் நீட்டுகிறேன்.