எந்த டூல்கிட்டில் தொடங்குவது? முதலில் 'செடி' என்று தட்டிப் பாருங்கள்

பைத்தானில் சிறிய நிரல்கள் எழுதத் தெரியும்; இனி கருப்புத் திரையை விட்டு வெளியே வந்து பொத்தானும் பெட்டியுமாக ஒரு சாளரம் வேண்டும் என்பவர்களுக்கு இது. அந்தப் பொத்தானையும் பெட்டியையும் ஆயத்தமாகத் தரும் நூலகத்தைத்தான் டூல்கிட் என்கிறேன். பைத்தானை நிறுவுவதும் பிப் கட்டளையும் பழக்கம் என்று எடுத்துக்கொள்கிறேன்.

படி 1: யாருடைய கணினியில் ஓடும்?

உங்களுக்கு மட்டும் என்றால் டிகின்டர் என்ற டூல்கிட் போதும். பைத்தானோடு சேர்ந்தே வருகிறது. சில லினக்ஸ் வகைகளில் மட்டும் தனியாக நிறுவ வேண்டியிருக்கும். பிறருக்கும் தருவதாக இருந்தால் விண்டோஸ், மேக், லினக்ஸ் இவற்றில் எவை என்று இப்போதே முடிவு செய்யுங்கள். நான் செய்யவில்லை, பட்டேன்.

படி 2: தமிழைத் தட்டிப் பாருங்கள்

சொல்லும் பொருளும் சேர்த்துவைக்கும் சிறு செயலி ஒன்றை டிகின்டரில் இரண்டு வாரம் உட்கார்ந்து எழுதினேன். விண்டோஸில் குறையே இல்லை. நண்பரின் லினக்ஸ் கணினியில் திறந்தால் 'செடி' சிதைந்து கிடந்தது. சகரம் தனியே நிற்க, அதன் முன்னால் வர வேண்டிய ஒற்றைக்கொம்பு டகரத்தின் முன்னால் போய் ஒட்டிக்கொண்டிருந்தது. எழுத்துருதான் கோளாறு என்று நினைத்து நான்கு எழுத்துருக்களை மாற்றினேன். பிறகு கோப்பின் குறியாக்கத்தைச் சந்தேகித்தேன். ஒரு நாள் முழுக்கப் போயிற்று.

காரணம் வேறு. யூனிகோடில் 'செ' என்பது முதலில் ச, அடுத்து கொம்பு என்றுதான் சேமிக்கப்படுகிறது. திரையில் வரையும்போதுதான் கொம்பை எடுத்து முன்னால் வைக்க வேண்டும். விண்டோஸில் இயங்குதளமே அதைப் பார்த்துக்கொள்கிறது. லினக்ஸில் டிகின்டருக்கு அடியில் இருக்கும் டிகே 8.6 பயன்படுத்தும் எக்ஸ்எஃப்டி நூலகமோ எழுத்துகளை வந்த வரிசையிலேயே வரைந்துவிடுகிறது. க்யூட், ஜிடிகே என்ற வேறு இரு டூல்கிட்டுகளும் ஹார்ஃப்பஸ் என்ற நூலகத்தைக் கொண்டு கொம்பையும் காலையும் உரிய இடத்தில் வைக்கின்றன.

ஆகவே எதைத் தேர்ந்தெடுத்தாலும் முதல் நாளே ஓர் உரைப்பெட்டி மட்டும் வைத்து 'செடி', 'கொக்கு', 'பௌர்ணமி' என்று தட்டுங்கள். அம்புவிசையால் எழுத்தெழுத்தாக நகருங்கள், ஒன்றை அழியுங்கள், சுட்டியால் பாதிச் சொல்லைத் தேர்ந்தெடுங்கள். செயலி ஓடப்போகும் ஒவ்வோர் இயங்குதளத்திலும் இதைச் செய்யுங்கள்.

படி 3: உரிமம்

க்யூட்டைப் பைத்தானில் பயன்படுத்த இரண்டு வழிகள். பைக்யூட் ஜிபிஎல் (செயலியைப் பிறருக்குத் தந்தால் மூல நிரலையும் தரக் கோரும் உரிமம்) அல்லது கட்டண உரிமத்தில் கிடைக்கிறது. பைசைடு அதைவிடத் தளர்வான எல்ஜிபிஎல் உரிமத்திலும் கிடைக்கிறது. மூல நிரலை வெளியிடும் எண்ணம் இல்லாதவர்களுக்குப் பைசைடு தொல்லை குறைவு. இரண்டிலும் நிரல் ஏறக்குறைய ஒன்றுதான்.

படி 4: ஒரு மாலை, ஒரு சாளரம்

ஓர் உரைப்பெட்டி, ஒரு பொத்தான், ஒரு பட்டியல். பெட்டியில் எழுதிப் பொத்தானை அழுத்தினால் பட்டியலில் சேர வேண்டும். இதையே இரண்டு டூல்கிட்டுகளில் செய்து பாருங்கள். எது கைக்கு வருகிறது என்பது ஒப்பீட்டு அட்டவணைகளைவிட இதில் சீக்கிரம் தெரியும். பொத்தானுக்கு இத்தனையாவது புள்ளி என்று இடம் குறிக்காதீர்கள். இடத்தைத் தானே பங்கிட்டுக் கொடுக்கும் லேஅவுட்டில் அடுக்குங்கள். தமிழில் பொத்தானின் பெயர் நீளும்போது அருமை புரியும். பிறகு பைஇன்ஸ்டாலர் என்ற கருவியால் பொதிந்து, பைத்தான் இல்லாத கணினியில் திறந்து பாருங்கள்.

என் தேர்வு பைசைடு6. சாளரத்தை இழுத்துப் போட்டு வடிவமைக்கும் க்யூட் டிசைனரை முதல் மாதம் தொடாதீர்கள். கையால் எழுதினால்தான் லேஅவுட் பிடிபடும். இணையப்பக்கம் செய்து பழகியவர்களுக்கு ஜாவாஸ்கிரிப்டில் எழுதும் எலக்ட்ரான் எளிது. ஆனால் ஒவ்வொரு செயலியோடும் முழுக் குரோமியம் உலாவியும் போகிறது, ஒரு பொத்தானுக்காக 100 எம்பிக்கு மேல். எனக்கு மனம் ஒப்பவில்லை.

பிற்சேர்க்கை: பொத்தானை அழுத்தியதும் சாளரம் உறைந்துவிடுகிறது, டூல்கிட்டை மாற்றலாமா என்று சிலர் கேட்டிருந்தார்கள். மாற்றினாலும் உறையும். சாளரத்தை வரைவதும் விசைகளைக் கவனிப்பதும் ஒரே சுழலில் நடப்பவை. உங்கள் நீண்ட வேலையும் அங்கேயே ஓடினால் மற்றவை காத்துக்கிடக்கும். வேலையைத் தனித் திரெட்டுக்கு (நிரலுக்குள் பக்கத்தில் ஓடும் இன்னொரு இழைக்கு) அனுப்புங்கள். அங்கிருந்து பட்டியலை நேரடியாகத் தொடக் கூடாது. முடிவை ஒரு சிக்னலாக (க்யூட்டில் ஒரு பகுதி இன்னொன்றுக்கு அனுப்பும் அறிவிப்பாக) அனுப்பி, முதன்மைத் திரெட்டில் பட்டியலை நிரப்புங்கள். நேரடியாகத் தொட்டால் பத்து முறை ஓடிவிட்டுப் பதினோராவது முறை சொல்லாமல் மூடிக்கொள்ளும்.