தீட்டு வரவில்லை என்றால் கரு தங்காதா? புது நர்சுகள் செய்யும் தவறுகள்

குடியாத்தம் பக்கத்துக் கிராமங்களில் பல வருடம் வீடு வீடாக நடந்த சுகாதாரச் செவிலியர் நான். போன மாதம் புதிதாகச் சேர்ந்த ஒரு பெண்ணோடு போனேன். எட்டு மாதக் கைக்குழந்தையோடு நின்றவளிடம் "தீட்டு வந்துச்சாம்மா?" என்று கேட்டாள். "இன்னும் இல்லீங்க நர்சம்மா" என்றதும் நோட்டில் குறித்துக்கொண்டு படியிறங்கிவிட்டாள். அந்த வயதில் நானும் இதையேதான் செய்தேன்.

தீட்டு வரவில்லை என்று விட்டுவிடுவது

முட்டை முன்னால், தீட்டு பின்னால். கருமுட்டை வெளிவந்து, கருவாகாமல் போனால், சுமார் 2 வாரம் கழித்துத்தான் தீட்டு வரும். பிரசவத்துக்குப் பின் சிலருக்கு முதல் தீட்டு முட்டையில்லாமலே வருவதுண்டு. ஆனால் எல்லோருக்கும் அப்படியில்லை. முதல் முட்டையே கருவாகிவிட்டால் தீட்டு கண்ணில் படாமலே அவள் அடுத்த பிள்ளையைச் சுமப்பாள்.

எனக்கு அப்படி ஒருத்தி இருந்தாள். மடியில் முறத்தை வைத்துப் பீடி சுற்றிக்கொண்டே பதில் சொன்னாள். இலையை மடிக்கும் விரல் நிற்கவேயில்லை. பக்கத்தில் பிள்ளை கேழ்வரகுக் கூழ்க் கிண்ணத்தைத் தட்டிக்கொண்டிருந்தது. பகலெல்லாம் கூழும் பசும்பாலும், ராத்திரி ஒரு தடவை தாய்ப்பால். எல்லாம் என் கண்ணெதிரே இருந்தது. "பால் குடுக்கிறேன், தீட்டு வரலை" என்றாள். நான் எழுதிக்கொண்டு வந்துவிட்டேன். வயிறு கனக்கிறது, வாயுவாக இருக்கும் என்று அவள் வந்தபோது கரு 5 மாதம். ரத்தத்தில் ஹீமோகுளோபின் 8 கிராம்தான். மூத்ததற்கு இன்னும் நடக்கத் தெரியாது. அந்த முறமும் கிண்ணமும் இன்றைக்கும் எனக்கு மறக்கவில்லை.

தாய்ப்பால் காக்கும் என்பது பொய்யில்லை. குழந்தை உறிஞ்ச உறிஞ்ச, முட்டையை வளர்க்கும் சுரப்பு அடங்கிக் கிடக்கும். ஆனால் மூன்றும் சேர்ந்திருக்க வேண்டும்: குழந்தைக்கு 6 மாதம் ஆகியிருக்கக் கூடாது, தீட்டு திரும்பியிருக்கக் கூடாது, மூன்றாவதாக, தாய்ப்பால் மட்டுமே, அதுவும் பகலில் 4 மணி நேரம், இரவில் 6 மணி நேரத்துக்கு மேல் இடைவெளி விடாமல் கொடுக்க வேண்டும். மூன்றும் இருந்தால் 98 சதவீதம் நம்பலாம். ஒன்று தவறினாலும் நம்பாதீர்கள்.

அதனால் கேள்வியை மாற்றுங்கள். "பிள்ளைக்கு எத்தனை மாசம்? வேற என்ன குடுக்கறே? ராத்திரி எத்தனை தடவை குடிக்குது?" முடிந்தால் மாமியார் உள்ளே போன நேரமாகப் பார்த்துக் கேளுங்கள், பதிலே வேறாக வரும். அப்புறம் கருத்தடை வழியைச் சொல்லுங்கள். கருப்பைக்குள் வைக்கும் காப்பர் டி பிரசவமான 48 மணி நேரத்துக்குள் போடலாம், இல்லையென்றால் 6 வாரம் கழித்து. பால் கொடுப்பவளுக்கு 6 வாரம் ஆனதும் 3 மாதத்துக்கு ஒருமுறை அந்தரா என்ற கருத்தடை ஊசி போடலாம். ஆணுறை எப்போதும் சரி. ஈஸ்ட்ரோஜன் கலந்த கருத்தடை மாத்திரையைப் பால் கொடுப்பவளுக்கு 6 மாதத்துக்கு முன் கொடுக்காதீர்கள். அடுத்த கருவுக்கு 2 வருடமாவது இடைவெளி வேண்டும் என்பதையும் சொல்லிவிடுங்கள், அவள் வீட்டுக்காரருக்கும் சேர்த்து.

புட்டிப்பால் குழந்தை என்றால் அவசரமில்லை என்று நினைப்பது

அவசரம்தான். பால் கொடுக்காதவளுக்குப் பிரசவமான 4 வாரத்திலேயே முட்டை வெளிவரலாம்.

பிரசவ உதிரத்தைத் தீட்டு என்று எழுதுவது

முதலில் சிவப்பு, அப்புறம் இளஞ்சிவப்பு, கடைசியில் மஞ்சளும் வெள்ளையும். 4 முதல் 6 வாரத்தில் நிற்கும். அது தீட்டுக் கணக்கில் சேராது. ஒரு மணி நேரத்துக்குள் ஒரு பேட் நனைந்தாலோ, பெரிய கட்டியாக விழுந்தாலோ 108ஐக் கூப்பிடுங்கள். நாற்றமோ காய்ச்சலோ இருந்தால் அன்றைக்கே டாக்டரிடம் அழைத்துப் போங்கள்.

தீட்டு வந்ததும் பாலை நிறுத்தச் சொல்லும் ஆயாவுக்குத் தலையாட்டுவது

பால் கெடாது. கொடுக்கட்டும்.