கோடிங் சந்தேகத்தை இணையத்தில் கேட்கும் முன்: சுருக்கும் வித்தை

கோடிங் கேள்வி-பதில் தளமான ஸ்டாக் ஓவர்ஃப்ளோவில் கணக்குத் தொடங்குவதெல்லாம் உங்களுக்கே தெரியும். கேள்வியைப் பதில் வருகிற மாதிரி தயார் செய்வதுதான் இங்கே விஷயம். மதிப்பெண் பட்டியல் ஒன்றுக்குப் பாண்டாஸில் (அட்டவணைகளைக் கையாளும் பைத்தான் கருவி) சராசரி எடுக்கப்போய் டைப்எரர் (தரவின் வகை பொருந்தாத பிழை) வந்தது. அதை வைத்தே சொல்கிறேன்.

1. தேடுங்கள். பிழைச் செய்தியின் கடைசி வரி போதும். அதில் உங்கள் கோப்பின் பெயர் இருந்தால் நீக்கிவிடுங்கள். 2008 முதல் சேர்ந்த கேள்விகள் அங்கே கிடக்கின்றன.

2. சுருக்குங்கள். முழு ப்ராஜெக்டையும் கொட்டினால் யாரும் ஓட்டிப் பார்க்க மாட்டார்கள். மதிப்பெண்கள் இருந்த சிஎஸ்வி கோப்பின் (காற்புள்ளியால் பிரித்த அட்டவணை) முதல் மூன்று வரிகளை மட்டும் வைத்து ஓட்டினேன். பிழை வரவில்லை, சராசரி சமர்த்தாக வந்தது! பலரும் இந்த இடத்தில் அலுத்துப்போய்ப் பெரிய கோட் முழுவதையும் தூக்கிப் போடுகிறார்கள். வேண்டாம். பிழை மறைந்தால், வெட்டிய பகுதிக்குள்தான் அது இருக்கிறது. கோப்பைப் பாதியாக்கி ஓட்டுங்கள். பிழை வரும் பாதியை மறுபடி பாதியாக்குங்கள். ஆயிரம் வரி என்றாலும் பத்துச் சுற்றுதான். எனக்குச் சிக்கியது தேர்வுக்கு வராத ஒரு மாணவரின் வரி: மதிப்பெண் இடத்தில் 'ஏபி' (ஆப்சென்ட்). அந்த ஒன்றால் பாண்டாஸ் மதிப்பெண் பத்தி (காலம்) முழுவதையும் எழுத்தாகப் படித்துவிட்டது. எழுத்துக்கு ஏது சராசரி? கேள்வி கேட்கவே தேவைப்படவில்லை.

(பின்சேர்க்கை: "இரண்டு பாதியிலும் பிழை வருகிறதே" என்று ஒருவர் கேட்டிருந்தார். அவர் வெட்டியது டேட்டாஃபிரேமை, அதாவது பாண்டாஸ் ஏற்கெனவே ஏற்றிவைத்த அட்டவணையை. ஏற்றும்போதே பத்தி எழுத்தாகிவிடுவதால் அதை எப்படி வெட்டினாலும் எழுத்துதான். சிஎஸ்வி கோப்பையே வெட்டி, மறுபடி ஏற்றுங்கள்.)

3. புதிதாக ஓட்டுங்கள். நோட்புக்கில் (கோடைச் செல் செல்லாக ஓட்டும் பக்கம்) அழித்த செல்லின் மாறிகள் (வேரியபிள்) நினைவகத்தில் அப்படியே இருக்கும்; உங்களுக்கு ஓடுவது அடுத்தவருக்கு ஓடாது. கூகுளின் இணைய நோட்புக்கான கோலாபில் எல்லாவற்றையும் ரீஸ்டார்ட் செய்து முதலிலிருந்து ஓட்டிப் பார்ப்பது என் வழக்கம். ஆனால் கேள்வியில் வெறும் கோலாப் லிங்கைப் போட்டு நிறுத்திவிடாதீர்கள், லிங்க் செத்தால் கேள்வியும் செத்தது.

4. போடுங்கள். கோட் வரிகளை எழுத்தாகவே ஒட்டுங்கள், மேலும் கீழும் மூன்று பேக்டிக் (` என்ற குறி). ஸ்கிரீன்ஷாட்டை யாரும் காப்பி செய்து ஓட்ட முடியாது. என்ன எதிர்பார்த்தீர்கள், என்ன வந்தது, இரண்டையும் சொல்லுங்கள். இங்கிலீஷ் சுமாராக இருந்தால் பரவாயில்லை.

பதில் சரியென்றால் டிக் போடுங்கள். பிறர் கேள்விக்குக் கீழே கமெண்ட் எழுத 50 ரெப்யுடேஷன் புள்ளி (தளம் தரும் நன்மதிப்புப் புள்ளி) வேண்டும். இல்லையென்று பதில் பெட்டியில் போய் "எனக்கும் இதே பிரச்சினை" என்று எழுதினால் நீக்கிவிடுவார்கள்.

அப்புறம், கல்லூரிப் பட்டியல் என்றால் பெயரையும் ரோல் நம்பரையும் மாற்றிவிட்டுப் போடுங்கள்.