குரோம்புக்கில் மைன்கிராஃப்ட்: தடங்கலை நீக்கிய விதம்

திருகோணமலை உவர்மலையில் உள்ள எங்கள் வீட்டில், 4 ஜிபி நினைவகம் மட்டுமே கொண்ட குரோம்புக் மடிக்கணினியில் என் மகன் மைன்கிராஃப்ட் விளையாடும்போது, திரை நொடிக்கொரு தரம் உறைந்து நின்றது. 2023ஆம் ஆண்டு முதல் குரோம்புக்குக்கும் கிடைக்கும் அவ்விளையாட்டில் பிழை இருக்குமென முதலில் நினைத்து, அதை வீணாக இருமுறை அழித்து நிறுவினேன்.

பின்னர் அமைப்புகளில் காட்சித் தூரத்தை, அதாவது விளையாட்டு உலகம் எவ்வளவு தொலைவு வரை திரையில் வரையப்படும் என்பதை, பார்த்தேன். அது 12 'சங்க்' என இருந்தது. ஒரு சங்க் என்பது, அவ்வுலகை உருவாக்கும் கனசதுரக் கட்டைகளில் 16 கட்டை நீளமும் 16 கட்டை அகலமும் கொண்ட நிலத்துண்டு என்பதால், தூரத்தை 6 ஆகக் குறைத்தால் கணினி வரைய வேண்டிய பரப்பு ஏறக்குறைய கால்பங்காகிவிடும். அவ்வாறே குறைத்து, நினைவகத்தை விழுங்கிக்கொண்டிருந்த உலாவித் தாவல்களையும் (பெரும்பாலானவை என்னுடையவையே) மூடினேன். தொலைவில் மலைகள் மறைந்ததாக மகன் முறையிட்டாலும், திரை அதன்பின் உறையவில்லை.