அசையாத தேனீயைத் தேடுங்கள்

பூவில் இருக்கும் சிலந்தியைப் படமெடுக்க வேண்டும் என்று வருகிறவர்கள் எல்லோரும் முதலில் என் கேமராவைத்தான் விசாரிக்கிறார்கள். எந்தப் பூவில், எத்தனை மணிக்கு என்று ஒருவரும் கேட்பதில்லை.

கோவில்பட்டிக்கு வெளியே கரிசல் காட்டுக்குள் ஒரு வண்டிப்பாதை போகிறது. மழை விழுந்துவிட்டால் அதன் இரு ஓரத்திலும் தும்பை, ஆவாரை, கிணற்றடிப்பூண்டு எல்லாம் பூத்துவிடும். ஐப்பசியில் எனக்குத் தலைக்கு மேல் தீபாவளித் துணி கிடக்கும். அதனால் இந்தத் தையல்காரிக்குக் கார்த்திகைதான் சிலந்தி மாதம். ஆறரைக்குப் போய் ஒன்பதுக்குள் திரும்பிவிடுவேன். வெயில் ஏற ஏறக் காற்றும் கிளம்பும். கிணற்றடிப்பூண்டின் பூக்காம்பு ஈர்க்குச்சி போல நீளம், இலேசான காற்றுக்கே ஆடும்.

நான் தேடுவது நண்டுச் சிலந்தி. அது வலை கட்டி இரை பிடிப்பதில்லை. முன்னங்கால்கள் நான்கையும் விரித்துப் பூவிலேயே உட்கார்ந்திருக்கும். வெள்ளைத் தும்பையில் வெள்ளைச் சிலந்தியைத் தேடினால் கண்தான் வலிக்கும். தேனீயைத் தேடுங்கள். பூவில் இறங்கிய தேனீ சும்மா இருக்காது, துழாவிவிட்டு அடுத்த பூவுக்குப் போய்விடும். பத்து எண்ணும்வரை ஒரு தேனீ அசையாமல் தொங்கினால் குனிந்து அதன் கழுத்தடியைப் பாருங்கள். சிலந்தி அங்கே பல்லைப் பதித்திருக்கும். நூல் சுற்றாது, மென்று நசுக்காது; உள்ளே இருப்பதை மட்டும் உறிஞ்சிவிட்டு முழுத் தேனீயாகவே கூட்டைக் கீழே போடும். சில சமயம், சிலந்தி உறிஞ்சிக்கொண்டிருக்கும்போதே அந்தத் தேனீயின் வயிற்றில் கடுகைவிடச் சிறிய ஈக்கள் நாலைந்து மொய்த்து, ஒழுகுவதை நக்கிக்கொண்டிருக்கும். அழையா விருந்தாளிகள். அந்தப் படம் கிடைத்தால் அன்றைக்கு நான் வேறு எதையும் தேடுவதில்லை.

என்னிடம் இருப்பது பழைய கேமரா, 55-250 மி.மீ. ஜூம் லென்ஸ், அதன் முனையில் கவ்வும் ரேனாக்ஸ் டிசிஆர்-250 என்ற சிறு உருப்பெருக்கிக் கண்ணாடி. லென்ஸை ஏறக்குறைய 125 மி.மீ.க்கு வைத்தால் சிலந்தி அதன் உண்மை அளவிலேயே, கேமராவுக்குள் படம் பதியும் சென்சாரில் விழும். முழுதாக 250-க்கு இழுத்தால் இரு மடங்கு. கண்ணாடிக்கும் பூவுக்கும் நடுவே சுமார் 12 செ.மீ. இடைவெளி இருக்கும், அதற்குமேல் நெருங்க வேண்டியதில்லை. எல்லாவற்றையும் நாமே அமைக்கும் மேனுவலில் 1/200 நொடி, லென்ஸின் துளை எஃப் 11, ஒளி உணர்திறன் ஐஎஸ்ஓ 200, ஃபிளாஷ் முழு வெளிச்சத்தில் எட்டில் ஒரு பங்கு. இதிலிருந்து தொடங்கி, திரையைப் பார்த்துக் கூட்டிக் குறையுங்கள். வெள்ளைச் சிலந்தி சட்டென்று வெளிறிப்போகும், அதற்கு ஃபிளாஷை இன்னும் குறைக்க வேண்டும்.

ஃபிளாஷை அப்படியே அடித்தால் சிலந்தியின் முதுகு எண்ணெய் தடவியதுபோல் பளபளக்கும். வெளிச்சத்தை மென்மையாக்கக் கடையில் விற்ற ஒரு டிஃப்யூசரை வாங்கி ஏமாந்தேன். இரண்டாம் நாளே கிழிந்தது. இப்போது ஜாக்கெட்டுக்கு வைத்து மிஞ்சிய வெள்ளை லைனிங் துணியை இரண்டு மடிப்பாக எடுத்து, கம்பி வளையத்தில் தைத்து, லென்ஸுக்கு மேலே கூரைபோல் நீட்டிக் கட்டியிருக்கிறேன். துணி பூவுக்கு எவ்வளவு பக்கமோ அவ்வளவு மென்மையாக வெளிச்சம் விழும்.

இனி ஃபோகஸ். எஃப் 11-இல் தெளிவாக விழும் தடிமன் ஒரு மில்லிமீட்டர்கூட இல்லை. ஆட்டோஃபோகஸை அணைத்துவிடுங்கள். லென்ஸின் ஃபோகஸ் வளையத்தையும் திருப்ப வேண்டாம். முழங்கையை முழங்காலில் ஊன்றி, உடம்பை முன்னும் பின்னும் ஒரு நெல்மணி அளவுக்கு அசையுங்கள்; சிலந்தியின் கண் தெளிகிற கணத்தில் அழுத்துங்கள். ஊசியில் நூல் கோக்கும்போது மூச்சை நிறுத்துவோமே, அதே மூச்சு. குண்டூசித் தலையைவிடச் சிறிய எட்டுக் கண்களில் முன்னால் இருப்பவை தெளிவாக இருந்தால் போதும், கால் மங்கினாலும் படம் நிற்கும். அறுபது எடுத்தால் எனக்கு மூன்று தேறும்.

உங்கள் நிழல் விழுந்தால் சிலந்தி பூவின் அடிப்பக்கம் ஓடிவிடும். துரத்தாதீர்கள். பூவுக்குப் பின்னால் ஒரு விரலை மெல்லக் கொண்டுபோனால் விரலுக்குப் பயந்து தானாக உங்கள் பக்கம் வரும். காற்று விடவில்லையென்றால் ஒரு குச்சியை நட்டு, துணிக்கிளிப்பால் காம்பைப் பிடியுங்கள், பூவுக்கு நாலு விரல் கீழே. பூவைப் பறித்து வீட்டுக்குக் கொண்டுபோவது, சிலந்தியை ஃபிரிட்ஜில் வைத்து மரக்கவைப்பது எல்லாம் நடக்கிறது. அப்படி எடுத்த படத்தைக் கால் மடங்கியிருக்கும் விதத்திலேயே நான் கண்டுபிடித்துவிடுவேன், பிடிப்பதில்லை.

நிறம் மாற்றுகிற சிலந்தியைப் பற்றிக் கேட்பார்கள். ஐரோப்பாவிலும் வட அமெரிக்காவிலும் உள்ள மிசுமெனா வாட்டியா என்ற நண்டுச் சிலந்தி வெள்ளையிலிருந்து மஞ்சளுக்கு மாறும், ஆனால் அதற்குப் பல நாள் பிடிக்கும். பச்சோந்தி வேகத்தை எதிர்பார்த்து உட்கார வேண்டாம்.

பெண் சிலந்தி பல நாட்கள் ஒரே செடியிலேயே இருக்கக்கூடும். அதனால் பக்கத்தில் ஒரு குச்சி நட்டுச் சிவப்பு நூல் கட்டிவிட்டு வருவேன். போன கார்த்திகையில் அப்படிக் கட்டிவிட்டு மறுநாள் போய் மண்டியிட்டுத் தேடினேன். ஆடு மேய்க்கும் தாத்தா பார்த்துவிட்டு, “என்ன தாயி, எதைத் தொலைத்தாய்?” என்றார். எட்டுக்கால்பூச்சி என்றேன். அவர் தம் ஆடுகளைப் பார்த்தார், நானும் பார்த்தேன். குச்சியும் சிவப்பு நூலும் மட்டும் நின்றன.