பென்சில் தயாரிப்பில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சீவும்போதெல்லாம் முனை ஒடிந்து விழுந்தால் எல்லோரும் கிராஃபைட் குச்சியைத்தான் குறை சொல்வார்கள். ஆனால் கோளாறு பெரும்பாலும் மரத்திலோ, குச்சியைப் பதிக்கப் பலகையில் வெட்டும் பள்ளமான காடியிலோ, பசையிலோ இருக்கும். மேலே பூசிய பெயின்ட் அதை மறைத்துவிடுவதால், வாங்கியவர் கையில்தான் அது வெளிப்படும்.

வலுவாக இருந்தால் போதும் என்று மரம் எடுப்பது முதல் தவறு. பென்சிலுக்கு நேரான நார் ஓட்டம் வேண்டும், முடிச்சு இருக்கக் கூடாது, பிளேடுக்கு இணங்கும் மென்மையும் வேண்டும். அமெரிக்காவின் கலிஃபோர்னியா, ஒரிகான் பகுதிகளில் வளரும் இன்சென்ஸ் சீடர் மரம் இந்தக் குணங்களுக்காகவே பெயர் பெற்றது. பாஸ்வுட், பாப்லர் மரங்களும் நன்றாக ஒத்துழைக்கும். நார் சாய்வாக ஓடும் பலகையில் பிளேடு நாரின் வழியே உள்ளே இறங்கிவிடும். சுருளாக வரவேண்டிய சீவல் சிராய் சிராயாகப் பிய்ந்து வரும், அந்த இழுப்பில் முனையும் முறியும்.

சரியாகக் காயாத பலகையில் வேலையைத் தொடங்குவதும் தவறுதான். குச்சியை நடுவில் வைத்து இரண்டு பலகைகளை ஒட்டித்தான் பென்சில் உருவாகிறது. ஒட்டிய பிறகு இரு பாதிகளும் வெவ்வேறு அளவில் சுருங்கினால் பென்சில் வளையும் அல்லது இணைப்பு வாய் பிளக்கும்.

குச்சியில் அவசரமே கூடாது. களிமண்ணையும் கிராஃபைட்டையும் கலந்து சுடும் முறைக்கு பிரான்சைச் சேர்ந்த நிக்கோலா-ழாக் கோந்தே 1795-இல் காப்புரிமை பெற்றார். இன்றும் அடிப்படை அதுதான்: களிமண் கூடினால் கடினமான, வெளிர் கோடு, கிராஃபைட் கூடினால் மென்மையான, கருத்த கோடு. அரைப்பது போதவில்லை என்றால் மணல் துகள் மாட்டிக்கொண்டு தாளைக் கீறும். ஈரம் போகாமல் சூளையில் வைத்தால் உள்ளிருக்கும் நீர் ஆவியாகிக் குச்சியில் விரிசல் உண்டாக்கும். சுமார் 1000 டிகிரி செல்சியஸில் சுடும்போது காற்று புகாத கலத்தில் வைக்காவிட்டால் கிராஃபைட்டே எரியத் தொடங்கும். சுட்ட குச்சியைச் சூடான மெழுகில் ஊறவைத்தால்தான் தாளில் வழுக்கி ஓடும். ஊறிய பின் மேற்பரப்பில் தங்கிய மெழுகைத் துடைக்காமல் விட்டால் பசை பிடிக்காது.

அதிகக் கவனம் வேண்டிய இடம் காடி. 2 மில்லிமீட்டர் குச்சிக்கு இரண்டு பலகைகளிலும் தலா 1 மில்லிமீட்டர் ஆழம், அதோடு பசைக்கென்று மிகச் சிறிய இடைவெளி. ஒன்றில் 1.2, மற்றதில் 0.8 என்று வெட்டினாலும் பலகைகள் கச்சிதமாக மூடிக்கொள்ளும், அப்போது எதுவும் தெரியாது. ஆனால் குச்சி நடுவிலிருந்து 0.2 மில்லிமீட்டர் விலகியிருக்கும். சீவிப் பார்த்தால் ஒரு பக்கம் மரம் முனைவரை ஏறி நிற்கும், மறுபக்கம் குச்சி வெறுமையாக நீண்டிருக்கும். ஷார்ப்னரைக் குறை சொல்லிப் பயனில்லை. இரு காடிகளும் ஆழமாகிவிட்டால் குச்சி பிடிமானமின்றி ஆடும். மேலோட்டமாக இருந்தால், ஒட்டிய பலகைகளை இறுக்கிப் பிடிக்கும் கிளாம்ப் அழுத்தும்போதே உள்ளே விரிசல் விழும்.

பலகையின் தட்டையான பரப்பில் மட்டும் பசை தடவி, காடியை விட்டுவிடுவது அடிக்கடி நடக்கிறது. காடியின் முழு நீளத்துக்கும் மெல்லிய, ஒரே சீரான படலம் வேண்டும். இடையில் ஒட்டாமல் விட்ட இடத்தில், பென்சில் கீழே விழுந்தால் குச்சி துண்டாகும். பசை இறுகும் முன் கிளாம்பைக் கழற்றவும் கூடாது.

அறுகோண வடிவத்தை மேல்பாதி, கீழ்பாதி என இரண்டு முறையாகச் செதுக்குகிறார்கள். இரண்டும் நேர்கோட்டில் அமையாவிட்டால் பக்கவாட்டில் ஒரு படி தட்டுப்படும், விரலுக்கு உடனே தெரியும். மழுங்கிய கத்தி நாரைக் கிளப்பிவிடும், அதன்மேல் எவ்வளவு பெயின்ட் பூசினாலும் சொரசொரப்புப் போகாது.

பெயின்டை ஒரே தடவையில் தடிப்பாகப் பூசினால் மேல்பகுதி முதலில் காய்ந்து சுருங்கி மடிப்பு விழும். மெல்லிய பூச்சாகப் பல முறை, ஒவ்வொன்றும் காய்ந்த பிறகே அடுத்தது.

ஒவ்வொரு தொகுதியிலும் சில பென்சில்களை, ரப்பர் பொருத்தும் முன், இரு முனையிலும் சீவிப் பாருங்கள். காடி ஓரிடத்தில் சரியாக இருந்து மறுகோடியில் விலகியிருப்பது ஒரு முனையை மட்டும் சீவினால் தெரியாது.