சி.ஆர்.ஆர்.ஐ. (பயிற்சி) டாக்டர்களுக்கு: இறப்புக் காரணச் சான்றை எழுதுவது எப்படி?

வடசென்னையில் ஓர் ஆஸ்பத்திரியின் மருத்துவ ஆவணப் பிரிவில் வேலை பார்க்கிறேன். வார்டிலிருந்து வரும் படிவம் 4-ஐ, அதாவது ஆஸ்பத்திரி மரணத்துக்கான காரணச் சான்றைப் படித்து, ஒவ்வொரு மரணத்துக்கும் ஐ.சி.டி. (சர்வதேச நோய் வகைப்பாடு) குறியீடு போடுவது என் வேலை. அதில் அடிக்கடி நான் பார்ப்பது 'கார்டியோ ரெஸ்பிரேட்டரி அரெஸ்ட்'. யார் இறந்தாலும் இதயமும் மூச்சும் நிற்கத்தானே செய்யும்? அதைக் காரணம் என்று எப்படி எண்ணுவது?

எழுத உட்காரும்போது கேஸ் ஷீட்டின் அட்மிஷன் நோட்டைத் திருப்பிப் படியுங்கள். 58 வயது ஆட்டோ ஓட்டுநர் ஒருவர் என்று வைத்துக்கொள்வோம். படிவத்தின் முதல் பகுதியில், ஏ வரியில் கடைசியாக உயிரை எடுத்தது: செப்டிக் ஷாக் (கிருமித் தொற்று முற்றி ரத்த அழுத்தம் விழுவது), 1 நாள். அது எதனால் வந்தது? பி வரி: காலில் அழுகிய புண், 3 வாரம். அது எதனால்? சி வரி: டைப் 2 சர்க்கரை நோய், 15 வருடம். அதற்கு மேல் கேட்க ஒன்றும் இல்லையென்றால் நிறுத்திவிடலாம். வரிசை சரியாக இருந்தால் நான் குறியீடு போடுவது அந்தக் கடைசி வரிக்குத்தான். 'செப்டிக் ஷாக்' என்று மட்டும் எழுதி அனுப்பினால், இவர் சர்க்கரை நோய்க் கணக்கில் வரவே மாட்டார்.

கால அளவுக் கட்டத்தைக் காலியாக விடாதீர்கள். கீழே போகப் போகக் காலம் கூட வேண்டும். குறைந்தால் வரிசை தலைகீழாகிவிட்டது. அவருக்கு பிரஷரும் இருந்ததா? அது இரண்டாம் பகுதிக்கு; இந்த வரிசையில் சேராமல், மரணத்துக்குத் துணைபோன நோய்களுக்கான இடம் அது.

'தலைக்காயம்' என்று நிறுத்தக் கூடாது. பைக்கில் போய் விழுந்தாரா, சாரத்திலிருந்து விழுந்தாரா என்று எழுதினால்தான் விபத்துக் கணக்கு சரியாக வரும். 'முதுமை' என்பதும் எதற்கும் உதவாது.

நோயாளியுடன் இருந்த உறவினர்கள் வந்து, "சுகர்னு போடாதீங்க டாக்டர், இன்சூரன்ஸ் வராது" என்று கெஞ்சுவார்கள். அவர்கள் கவலை நியாயமானது, பொறுமையாகப் பேசுங்கள். ஆனால் சான்றை மாற்றாதீர்கள்.

வீட்டில் நடக்கும் மரணம் இன்னும் சிக்கல். கடைசியாகப் பார்த்த டாக்டர் படிவம் 4ஏ எழுத வேண்டும். பல வீடுகளில் அப்படி ஒரு டாக்டரே இருப்பதில்லை. 1995 முதல் 1997 வரை சென்னையில் இறந்த 48,000 பெரியவர்களின் குடும்பங்களிடம் கடைசி நாட்களின் அறிகுறிகளைக் கேட்டு எழுதிய டாக்டர் கஜலட்சுமியின் ஆய்வில், காரணம் தெளிவில்லாமல் கிடந்த பல மரணங்களுக்கு விடை கிடைத்தது. வீட்டாரிடம் உட்கார்ந்து பேசினால் இவ்வளவு தெரிய வருகிறது. வார்டில் உங்களுக்கு அந்த வாய்ப்பு கையிலேயே இருக்கிறது.

எந்த நோய் முதலிடம் என்று பத்திரிகையில் பட்டியல் வரும். எல்லாப் புற்றுநோயையும் ஒன்றாகச் சேர்த்தால் ஓர் இடம், நுரையீரல், மார்பு, வயிறு என்று பிரித்தால் வேறு இடம். அது கணக்குப் போடுகிறவர்களின் முடிவு. ஆனால் விடுபட்டதை யாரும் பிரிக்கவோ சேர்க்கவோ முடியாது. 2020 ஜூலையில் சென்னையின் கொரோனாக் கணக்கில் விடுபட்ட 444 மரணங்களைப் பின்னால் சேர்க்க வேண்டியிருந்தது நினைவிருக்கும்.

அப்புறம், சுருக்கெழுத்து வேண்டவே வேண்டாம். 'எம்.எஸ்.' என்றால் மைட்ரல் ஸ்டெனோசிஸா (இதய வால்வுச் சுருக்கம்), மல்டிபிள் ஸ்க்ளிரோசிஸா (நரம்பு நோய்)? முழுதாக, தெளிவான கையெழுத்தில் எழுதுங்கள். சந்தேகம் இருந்தால் கையெழுத்துப் போடும் முன் ஃபைலோடு எங்கள் மருத்துவ ஆவணப் பிரிவுக்கு (எம்.ஆர்.டி.) வாருங்கள், சேர்ந்து பார்ப்போம்.